சதவீதக் குறிக்குப் பின்னால்

ஆபீசில் ஆறுமுகத்தாயின் பெயர் ஆரூ. வேலைக்குச் சேர்ந்த அன்று அடையாள அட்டை அடிக்க வந்தவன் அவள் பெயரைக் கேட்டான். ஒருமுறை சொல்லிப் பார்த்தான். இன்னொருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு அட்டையில் இடம் போதாது என்று சொல்லி, ஆரூ என்று அடித்துக் கொடுத்துவிட்டான். அட்டையில் இடம் இல்லாமலில்லை. கம்பெனியின் பெயர் அதை அடைத்துக்கொண்டிருந்தது: கனிட்ரிக்ஸ் குளோபல் நாலெட்ஜ் சொல்யூஷன்ஸ்.

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மேல்மாடியில், பதினான்கு கம்ப்யூட்டர்களும் ஓயாமல் தண்ணீர் சொட்டும் ஒரு ஏசியும் கொண்ட இடத்துக்குத்தான் இத்தனை நீளப் பெயர். மாட்டுங்கா மகாதேவன் நடத்திய காலத்தில் அது வெறும் மகாதேவன் காம்போசிங். அவருடைய மகன் அனந்த் வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு வந்து, முதல் வேலையாகப் பெயரை மாற்றினார். இரண்டாவது வேலை என்ன என்று யோசிக்க அவருக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டாவது வேலையால் வந்ததுதான் இத்தனையும்.

உலகத்தின் பல மூலைகளிலிருந்து கணிதப் பேராசிரியர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆறுமுகத்தாயின் திரைக்கு வரும். அவற்றை லாடெக் என்ற குறிமொழியில் அடுக்கி, அச்சுக்குத் தயாராக்கி அனுப்ப வேண்டும். லாடெக்கில் எதுவும் அதுவாகத் தெரியாது. பின்னம் வேண்டுமென்றால் பின்னம் போடு என்று ஓர் ஆணை. மேலே என்ன, கீழே என்ன என்று அதற்கு இரண்டு அடைப்புகள். வர்க்கமூலத்துக்கு வேறோர் ஆணை. அடைப்பைத் திறந்தவர் மூட வேண்டும். மறந்தால் பின்னால் வருகிற அத்தனையும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். தபால் வழியில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவளுக்கு இதெல்லாம் கை வந்துவிட்டது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கணக்கு அடுக்குதேன்" என்பாள். கேட்டவர்கள் ஏதோ கோடவுன் வேலை என்று நினைத்துக்கொண்டு, பாவம் என்று மேலே கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

கம்பெனியில் இரண்டு விதிகள். முதலாவது, போன் வாசல் லாக்கரில் இருக்க வேண்டும். உள்ளே இன்டர்நெட் கிடையாது, ஒருவருக்கொருவர் மெசேஜ் கிடையாது. கட்டுரைகள் வெளியே கசிந்துவிடுமாம். தலைப்பைப் படித்தாலே தலை சுற்றும் கட்டுரையைத் திருடிக்கொண்டு போய் அந்தத் திருடன் என்ன செய்வான் என்று யாரும் கேட்டதில்லை. இரண்டாவது விதி, 'காப்பியில் உள்ளபடி'. பேராசிரியர் தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே அடுக்க வேண்டும். சந்தேகம் கேட்டு அவருக்கு எழுதினால் பதில் வர நாலு நாளாகும். நாலு நாள் தாமதமானால் பதிப்பகம் அபராதம் போடும். ஆகவே கேள்வி கேட்காதே.

காலை ஏழிலிருந்து மூன்று வரை ஒரு ஷிப்ட்; மூன்றிலிருந்து பதினொன்று வரை அடுத்த ஷிப்ட். ஆறுமுகத்தாய் பாதியில் விட்டுப் போகும் கட்டுரையை, அதே நாற்காலியில் உட்கார்ந்து சுடலைக்கண்ணன் தொடர்வான். டோம்பிவிலியிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவன். அவள் மாடிப்படியில் இறங்கும்போது அவன் ஏறுவான். "வாறேன் தம்பி." "சரிக்கா." பத்து விநாடி. அதற்குள் எந்தச் சமன்பாட்டில் நிறுத்தினேன், எந்த அடைப்பு இன்னும் மூடவில்லை என்றெல்லாம் சொல்லி முடியாது.

லாடெக்கில் ஒரு வசதி உண்டு. ஒரு வரியில் சதவீதக் குறியைப் போட்டுவிட்டால், அந்த வரியில் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் அச்சுக்கு வராது. கோப்பில் இருக்கும், பக்கத்தில் இருக்காது. ஆறுமுகத்தாய் ஒருநாள் குறியைப் போட்டு, 'பதினாலாவது சமன்பாடு பாக்கி' என்று எழுதிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அதற்குக் கீழே பதில் இருந்தது: 'முடிச்சாச்சுக்கா. டீ மெஷின் ரிப்பேர்.' அவ்வளவுதான். பதினோரு வருஷம் ஓடிவிட்டது. கொஞ்ச நாளில் பதினான்கு கம்ப்யூட்டரிலும் இதே பேச்சு. சுடலைக்கண்ணனின் மகளுக்குப் பல் முளைத்ததும், மழையில் ரயில் நின்றதும், அனந்த் புதிதாக வாங்கிய ஜிப்பாவின் நிறமும் ஏதாவதொரு வடிவியல் கட்டுரைக்குள் சதவீதக் குறிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன.

முதலில் ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதினார்கள். ஒருநாள் அனந்த் சத்தமில்லாமல் தோளுக்குப் பின்னால் வந்து நின்றதிலிருந்து தமிழ் எழுத்துக்கு மாறிக்கொண்டார்கள். அனந்த் வீட்டில் பேசுவது பாலக்காட்டுத் தமிழ். எழுத்து மட்டும் அவருக்கு ஜிலேபி. குர்லாவிலிருந்து வரும் மெஹக் பக்கத்து நாற்காலிக்காரி, வீட்டில் ஹிந்தி பேசுகிறவள். இந்தக் குறிப்புகளைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே மூன்று மாதத்தில் தமிழ் எழுத்து படித்துவிட்டாள். முதலாளிக்குத் தெரியாத தமிழ் அவளுக்குத் தெரியும். அதில் பாதி அச்சில் ஏற்ற முடியாத தமிழ்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அனந்த் எல்லோரையும் கூப்பிட்டு, சுவரில் ஒரு ஆலமரத்தின் படத்தைக் காட்டினார்.

"இது என்னது?" என்று கேட்டார்.

"மரம் சார்," என்றது கூட்டம்.

"மரம் இல்லை. ஃபியூச்சர்." கொஞ்ச நேரம் அது மண்டையில் ஏறட்டும் என்று விட்டார். "பைத்தான்ல ஒரு லைப்ரரி இருக்காக்கும். லாடெக் ஃபைலை எடுத்துக் குடுத்தாப் போதும், நன்னா அலசிப் பிரிச்சு சின்டாக்ஸ் ட்ரீயாக் குடுத்துடும். இது கமாண்டு, இது அதோட குழந்தை, இது பேரன்னு. பப்ளிஷருக்குப் பதினோரு வருஷத்து ஃபைலும் இப்படி வேணுமாம். இனிமே வர பேப்பரையும் இதுவே பாத்துக்கும். செகண்ட் ஷிப்டே வேண்டாம்."

ஏசி தண்ணீர் வாளியில் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"செகண்ட் ஷிப்டுல பதினாலு பேரு இருக்காங்களே சார்," என்றாள் ஆறுமுகத்தாய்.

"நீங்க எதுக்கு ஆரூஜி கவலைப்படறேள்? நீங்க ஃபர்ஸ்ட் ஷிப்ட். போறாததுக்கு, இன்னியிலேர்ந்து நீங்க ட்ரீ லீட்."

அடுத்த வாரம் வியாழக்கிழமை பதிப்பகத்தின் மும்பைப் பொறுப்பாளர் ரஞ்சனா வருவார். நூறு கட்டுரைகளை மரமாக்கிக் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தியானால் ஒன்றாம் தேதியிலிருந்து இரண்டாம் ஷிப்டு இல்லை. அன்று மூன்று மணிக்கு மாடிப்படியில் சுடலைக்கண்ணனிடம் அவளால், "வாறேன் தம்பி," என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவனே சொன்னான்: "கேள்விப்பட்டேன்க்கா. ட்ரீ லீடாமே. சந்தோசம்." அவன் நிஜமாகவே சொன்னான் என்பதுதான் அவளைப் படுத்தியது.

லைப்ரரி என்கிற அந்த நிரல் தொகுப்பை எங்கோ முகம் தெரியாத யாரோ எழுதி, வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக உலகத்துக்கு விட்டிருந்தார்கள். அனந்த் அதற்குக் கனிட்ரீ என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மீதி வேலை ட்ரீ லீடுக்கு.

ஆறுமுகத்தாய் சயான் சிக்னலில் நிற்கும் பஸ்ஸில் போனைப் பார்த்துப் பைத்தான் என்ற நிரல்மொழியைப் படித்தாள். அந்த சிக்னலில் ஒரு மொழியையே படித்து முடிக்கலாம். லைப்ரரி கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டே போகும். ஓர் ஆணையைக் கண்டால் நின்று, இது எத்தனை அடைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்க்கும். அந்த எண்ணிக்கையை நாம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அவளுக்கு இது கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. எந்த வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால் எத்தனை இலை போட வேண்டும் என்பது அத்துப்படியானவள் அவள். பின்னம் வந்தால் இரண்டு இலை. வர்க்கமூலம் வந்தால் ஓர் இலை. சில சமயம் கூடவே ஒரு மச்சினனும் வருவான், வராமலும் இருப்பான். பேராசிரியர்கள் தாங்களே புதிதாக உண்டாக்கிய ஆணைகள்தான் தொல்லை. அவை லைப்ரரிக்குத் தெரியாத சம்பந்தம். இலை போடாவிட்டால் அவர்கள் கூட்டி வந்த பிள்ளைகள் பந்திக்கு வெளியே அநாதையாக நிற்கும். அவள் ஒரு பட்டியல் எழுதினாள். இவர் இரண்டோடு வருவார், இவர் தனியாள், இவர் நாலு.

எட்டாம் நாள் மரம் நின்றது. வேர் மேலே, இலை கீழே. கட்டுரைக்குக் கீழே பகுதிகள்; பகுதிக்குக் கீழே பத்தி; பத்திக்குக் கீழே சமன்பாடு; சமன்பாட்டுக்குள் பின்னம்; பின்னத்துக்குள் மேலொன்று கீழொன்று. யாரும் யாருடைய மடியிலும் தவறி உட்காரவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கையால் அடுக்கியதன் எலும்புக்கூட்டை முதல்முறையாகப் பார்த்தாள். பிடித்துப்போனது. பிடித்துப்போனதற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. மரத்தில் இப்படி உட்கார்ந்த ஒவ்வொன்றும் ஒரு கணு; நூறு கட்டுரையில் மொத்தம் 2,31,406 கணுக்கள். அனந்த் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு நேராக பேனர் அடிக்கப் போனார்.

அதற்குப் பிறகுதான் அவள் கணுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஏழாவது கணு சொன்னது: 'குறிப்பு. சுடலை, அந்த ஜிப்பாக்காரன் இன்னைக்கும் மீட்டிங் போட்டு ஒண்ணும் சொல்லல.'

அச்சு சதவீதக் குறிக்குப் பின்னால் இருப்பதை விட்டுவிடும். லைப்ரரி விடவில்லை. அது எதையும் தூக்கிப் போடுகிற சாதி இல்லை. குறிப்பையும் ஒரு கணுவாக்கி, மரியாதையாக அதற்குரிய கிளையில் உட்கார வைத்திருந்தது. நூறு கட்டுரைக்குள் மட்டும் மூவாயிரத்துச் சொச்சம்.

குறிப்புக் கணுவை விட்டுவிடு என்று ஒரே ஒரு வரி எழுதினாள். மரம் சுத்தமாயிற்று. கணுக்கள் 2,28,288. மத்தியானம் அனந்த் வந்து நின்றார்.

"என்னவாக்கும் இது? மூவாயிரம் எங்கே போச்சு?"

"அது கமென்ட்டு சார். அச்சுக்கு வராது. குப்பை."

"கமென்ட்ஸா! அது குப்பையா? அதான் ஆரூஜி நாலெட்ஜ்! பேனர்ல இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து நானூத்தியாறுன்னு அடிச்சாச்சு. கீழே ஜீரோ லாஸ்னு வேற போட்டிருக்கு. ஒரு நோடு போகப்படாது."

"அது தமிழ்ல இருக்கு சார்."

அனந்தின் முகம் மலர்ந்தது. "தமிழ்லயா? ஏக்தம் பெஸ்ட். மல்டிலிங்குவல்னு இன்னொரு லைன் சேத்துடலாம்."

செவ்வாய்க்கிழமை மாலை அவள் வீட்டுக்காரர் வானமாமலையிடம் சொன்னாள். அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். விஞ்ஞானிகளைப் பதினைந்து வருஷமாகக் கொண்டுபோய் விட்டதில் எந்தச் சிக்கலுக்கும் பின்சீட்டில் ஒரு பதில் இருக்கும் என்று நம்புகிறவர்.

"இதுல என்னட்டி இருக்கு? எழுத்தை மட்டும் வழிச்சு எடுத்துட்டு வெறுங்குறியை விட்டுரு. எண்ணிக்கை அப்படியே இருக்கும்லா?"

இரண்டு நாளாக அவள் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அரை நிமிஷத்தில் பதில்.

"சுடலைக்கு வேலை போயிருமே," என்றாள்.

"கமென்ட்டு இருந்தாலும் போவும், இல்லாட்டாலும் போவும். ஒனக்கு சீட்டு இருக்குல்லா? பொறவு எதுக்கு வாயைத் தொறக்க? அவன் யாரு ஒனக்கு? பத்து செகண்டு பாக்குத ஆளு."

"பதினோரு வருசமா பத்து செகண்டு."

"இருக்கட்டும். பத்து செகண்டுல என்னத்தைப் பேசியிருப்பீய?"

என்னத்தைப் பேசியிருக்கிறோம் என்று அவளுக்கே ஒழுங்காகத் தெரியாது. புதன்கிழமை காலை, வழித்து எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

மெஹக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். "தீதி, படிக்காதே. உடா தோ, அழிச்சிடு. சீக்கிரம். அதுல என்னோடது நிறைய இருக்கு."

அவள் சொன்னது சரி. ஆனால் திட்டும் டீயும் ரயிலும் போக, வேறொன்றும் அங்கே கிடந்தது. 'நாலாவது வரியில மைனஸை முழுங்கிட்டாரு.' 'இந்தத் தேற்றம் n இரண்டா இருந்தா உடையுது.' 'படத்துல முக்கோணம், பாடத்துல சதுரம்.' கேள்வி கேட்காதே என்ற விதியால் கேட்காமல் விட்ட கேள்விகள். நூறு கட்டுரையில் இருநூற்றுப் பன்னிரண்டு. பாதிக்கு மேல் சுடலைக்கண்ணன் கண்டுபிடித்தவை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் டோம்பிவிலி ரயிலில் நின்றுகொண்டே வந்து, உட்கார்ந்து, இதையெல்லாம் பார்த்திருக்கிறான்.

கணக்கை விட்டுவிட்டுத் திட்டை மட்டும் வழிக்கலாமே என்று பார்த்தாள். முடியவில்லை. சுடலைக்கண்ணனுக்கு இரண்டையும் தனித்தனியாக எழுதத் தெரியாது. 'ஏசித் தண்ணி கீபோர்டுல விழுது, மொதலாளி ஜிப்பா வாங்குதாரு, இங்கன ஆத்தரு மூணாவது உறுப்பையே காணாக்கிட்டாரு' என்று ஒரே மூச்சில் எழுதுகிறவன். எந்த லைப்ரரி வந்தும் அதைப் பிரிக்க முடியாது. மெஹக்கின் குறிப்புகள் மட்டும் கலப்படமில்லாத திட்டு. அவற்றைச் சுத்தமாக வழித்து, வெறுங்குறியாக விட்டாள். மெஹக் நெற்றியைத் தொட்டு அல்லாவுக்கு நன்றி சொன்னாள்.

"மற்றது?" என்று கேட்டாள்.

ஆறுமுகத்தாய் சுவரைப் பார்த்தாள். அங்கே தமிழ் நாள்காட்டி தொங்கியது. போன முறை ரஞ்சனா வந்தபோது அதைப் பார்த்து, "இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம், அதான் இப்படி," என்று தானாகச் சொல்லிக்கொண்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. ராசிபலன் நாள்காட்டியில் பொடி எழுத்தில் இருக்கும். அதையே படித்தவர் எதையும் படிப்பார்.

"மற்றது இருக்கட்டும்," என்றாள்.

"பாகல் ஹோ கயீ," என்றாள் மெஹக். பைத்தியம் பிடித்துவிட்டதாம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ரஞ்சனா வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் கண்ணாடி, எல்லாக் கூட்டத்துக்கும் போய் வந்தவரின் பொறுமை. வாசலில் ஆளுயர பேனர் அவரை வரவேற்றது. அனந்த் நாற்பது நிமிஷம் பேசினார். ஆலமரம் வந்தது. காடு வந்தது. மனிதகுலம் வந்தது. கடைசியில், "இதுல எந்த நோடை வேணும்னாலும் திறந்து பாக்கலாம் மேடம். ஒண்ணும் விட்டுப்போகலை. ஆரூஜி, ஏதாவது ஒண்ணைத் திறங்கோ," என்றார்.

இரண்டு லட்சத்துச் சொச்சம் கணுக்கள். தலைப்பைத் திறந்திருக்கலாம். ஒரு கூட்டல் குறியைத் திறந்திருக்கலாம். ஆறுமுகத்தாய் நாற்பத்தேழாவது கட்டுரைக்குப் போய், இரண்டாவது லெம்மாவுக்கு, அதாவது துணைத் தேற்றத்துக்குக் கீழே இருந்த கிளையைத் திறந்தாள். சுவரில் ஒரு முழ உயரத்துக்குத் தமிழ் எழுந்தது.

"பாத்தேளா!" என்றார் அனந்த். "தமிழ்லகூட நாலெட்ஜ் இருக்கு."

ரஞ்சனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படித்து வருஷமானவர்கள் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார்.

"எக்கா. லெம்மா ரெண்டு தப்பு. ஆறாவது வரியில பூச்சியத்தால வகுக்காரு. அது பூச்சியமா இருக்காதுன்னு எங்கேயும் சொல்லல. நம்ம அனந்து பிளான் போடுத மாதிரியே இருக்கு. சொல்லிருவமா?"

அவர் அடுத்ததையும் படித்தார்.

"காப்பியில உள்ளபடி போடு தம்பி. சொன்னா அபராதம். அனந்துக்குப் பூச்சியம்னா பயம் கிடையாது. தாயி."

அனந்த் பேனரைப் பார்த்தார். ஜீரோ லாஸ் என்று அது சொன்னது.

"இது எப்ப எழுதினது?" என்றார் ரஞ்சனா.

கோப்பின் தேதி கூடவே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச். ரஞ்சனா தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். "ஜூலையில அச்சாச்சு. அடுத்த ஜனவரியில தப்புன்னு வாபஸ் வாங்கினோம். எடிட்டர் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினார். மார்ச்லயே உங்க ஆபீசுக்குத் தெரியும். ஏன் கேக்கலை?"

"பாலிசி, மேடம்," என்றார் அனந்த். "கேட்டா லேட் ஆகும். லேட் ஆனா பெனால்டி."

"யாரு போட்ட பெனால்டி?"

"நீங்கதான் மேடம்."

ரஞ்சனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "அந்த ரூலை நான்தான் எழுதினேன்," என்றார். பிறகு மரத்தைக் காட்டி, "இது கண்டுபிடிச்சிருக்குமா இந்தத் தப்பை?" என்று கேட்டார்.

"கண்டிப்பா," என்றார் அனந்த்.

"இல்ல மேடம்," என்றாள் ஆறுமுகத்தாய். தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "இது பிரிக்கும். நல்லாவே பிரிக்கும். சரியா தப்பான்னு அதுக்குத் தெரியாது. தப்புக் கணக்கைக் குடுத்தா அதையும் ரொம்ப லட்சணமாப் பிரிச்சு வைக்கும். இங்க பாருங்க, வகுத்தல், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ உள்ளது பூச்சியம்னு அதுக்கு என்ன கவலை?"

"தாயிங்கிறது யாரு?"

இந்த இடத்தில் அவள் வாயை மூடியிருந்தால் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகியிருக்கும். வானமாமலை சொன்னது ஞாபகத்தில் இருந்தது. சுவரில் இருந்த 'எக்கா' என்ற சொல்லும் கண்ணுக்கு எதிரே இருந்தது.

"நான்தான் மேடம். மேல உள்ளதை எழுதினது செகண்ட் ஷிப்ட் சுடலைக்கண்ணன். இன்னும் இருநூத்திப் பதினொண்ணு இருக்கு. பாதிக்கு மேல அவன் கண்டுபிடிச்சது. கூடவே வேற பேச்சும் இருக்கும். அதுக்கு மன்னிக்கணும்."

அனந்த் திகைத்துப் போய், "ஆனா உங்க பேரு ஆரூ இல்லையோ?" என்றார்.

"ஆறுமுகத்தாய் சார்."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல்தடவை.

ரஞ்சனா மத்தியானம் வரை உட்கார்ந்து படித்தார். சில இடங்களில் பென்சிலால் குறித்துக்கொண்டார். சில இடங்களில் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். போகும்போது அனந்திடம், "ஜிப்பா நன்னாத்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. மரம் வேண்டும். ஆட்களும் வேண்டும். இரண்டாம் ஷிப்ட் இன்னும் ஒரு வருஷம் தொடரலாம். கட்டுரையில் தப்பு கண்டுபிடித்துக் கேட்டால் அபராதம் இல்லை. ஒரு வருஷம் கழித்து என்ன என்பதைக் கடிதம் சொல்லவில்லை. மாடிப்படியில் சுடலைக்கண்ணன் அன்றைக்குப் பத்து விநாடிக்கு மேல் நின்றான். "எதுக்குக்கா ஒங்களுக்கு இந்த வேலை?" என்றான். "ஒரு வருசம்தானே கெடைச்சிருக்கு." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஜலதோசம்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

அனந்த் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாவது நாள், நடந்ததெல்லாம் தன் திட்டம்தான் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. பழைய பேனர் போய்ப் புதியது வந்தது: கனிட்ரீ பிளஸ், மனித நுண்ணறிவு அடுக்கோடு. ஆறுமுகத்தாய் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார். இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். அவள் லாடெக்கிலேயே அடுக்கிக் கொடுத்தாள். அச்சில் பார்க்க அழகாக இருந்தது. அதன் மூலக் கோப்பில் எத்தனை சதவீதக் குறி என்று அவர் கேட்கவில்லை. கூடவே அவளுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது: கமென்ட் ஆர்க்கிடெக்ட். அட்டையில் இப்போது நிஜமாகவே இடமில்லை.

அதோடு புது விதிகளும் வந்தன. கட்டுரைக்கு எட்டுக் குறிப்பு கட்டாயம். ஆங்கிலத்தில் மட்டும். 'டியர் டீம்' என்று தொடங்கி 'ரிகார்ட்ஸ்' என்று முடிய வேண்டும். மாதக் கடைசியில் லைப்ரரியே எண்ணிச் சொல்லிவிடும், யாருடையது குறைகிறது என்று.

"எக்கா," என்றான் சுடலைக்கண்ணன், படியில். "நேத்து ஒரு கட்டுரை. அந்த மனுசன் ஒரு தப்பு பண்ணல. அவ்வளவு சுத்தம். எட்டு தடவை வெரி நைஸ்னு எழுதிட்டு வந்தேன். எனக்கே வெக்கமாப் போச்சு."

"நாலு தப்பு இருந்தா?"

"நாலு தப்பு, நாலு வெரி நைஸ்."

அவள் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போனாள். சயான் சிக்னல் வழக்கம்போல் நேரம் கொடுத்தது.

லாடெக் கோப்பு ஒவ்வொன்றின் கடைசியிலும், ஆவணம் முடிந்தது என்று ஓர் ஆணை உண்டு. அதற்குக் கீழே எதை எழுதினாலும் லாடெக் எட்டிப் பார்க்காது. சதவீதக் குறிகூட வேண்டாம். ஆனால் லைப்ரரிக்கு அந்த மரியாதை தெரியாது; கதவு சாத்திய பிறகும் உள்ளே வந்து, மூலையில் கிடப்பதையும் பொறுக்கி மரத்தில் தொங்கவிட்டுவிடும். மறுநாள் காலை கமென்ட் ஆர்க்கிடெக்ட் தன் நிரலில் இரண்டு வரி சேர்த்தாள். ஆவணம் முடிந்தது என்ற இடம் வந்தால் அங்கேயே நிறுத்து. கீழே போகாதே.

"என்ன மாத்தறேள்?" என்றார் அனந்த், தோளுக்குப் பின்னாலிருந்து.

"தேவையில்லாம கீழ வரைக்கும் படிக்குது சார். நேரம் வீண்."

"எஃபிஷியன்சி," என்றார் அனந்த், திருப்தியாக. "கவுன்ட் குறையாதே?"

"ஒண்ணுகூடக் குறையாது சார்."

அன்று மூன்று மணிக்குப் படியில் அவள் சுடலைக்கண்ணனிடம், "தம்பி, இன்னைக்குக் கடைசி வரிக்குக் கீழயும் ஒருதடவ இறங்கிப் பாரு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. மெஹக் இன்னும் வரவில்லை. ஆறுமுகத்தாய் கோப்பைத் திறந்தாள். எட்டுக் குறிப்புகள் இருந்தன. டியர் டீம். ரிகார்ட்ஸ். வெரி நைஸ். அவற்றைத் தாண்டி, நூல்பட்டியலைத் தாண்டி, ஆவணம் முடிந்ததையும் தாண்டி, வெற்று வரிகள் பத்துப் பன்னிரண்டைக் கடந்து கீழே போனாள்.

'எக்கா, மகளுக்கு இன்னொரு பல்லு விழுந்துட்டு. மொதலாளி பச்சை ஜிப்பா போட்டு ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனாரு, கிளி மாதிரி. மூணாவது பக்கத்துல எல்லையே இல்லாத தொடரைக் கூட்டி எழுபதுன்னு எழுதியிருக்காரு ஆத்தரு. அது கூடி நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும். நான் போட்டுப் பாத்தேன்.'

அவள் மூன்றாவது பக்கத்துக்குப் போய்ப் போட்டுப் பார்த்தாள். ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆசிரியருக்கு அனுப்பும் கேள்வியை மேலே ஆங்கிலத்தில், ரிகார்ட்ஸ் வரை ஒழுங்காக எழுதினாள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் எஸ். சுடலைக்கண்ணன் என்று முழுப் பெயரும் போட்டாள். பிறகு மறுபடி கீழே இறங்கி வந்து தட்டத் தொடங்கினாள்.

'எந்தப் பல்லு தம்பி, மேலயா கீழயா?'